பிரெஞ்ச் பிரஸ் வாங்குமுன் சல்லடையைப் பாருங்கள்

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் காபி குடிக்கிற வீட்டில் ஒரு ஸ்டீல் ஃபில்டர் எப்படியும் இருக்கும், அது தன் வேலையை நன்றாகத்தான் செய்கிறது. அப்புறம் எதற்குப் பிரெஞ்ச் பிரஸ்? ஃபில்டருக்குப் பதிலாக என்று நினைத்து வாங்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். பாலும் சர்க்கரையும் போட்டு, டபராவில் ஆற்றி, நுரையோடு குடிக்கிற காபிக்கு ஃபில்டரை மிஞ்ச ஆளில்லை. பால் விடாமலோ கொஞ்சமாக விட்டோ, கொட்டையின் ருசி இன்னதென்று தெரிகிற மாதிரி குடிக்க ஆசை வந்தவர்களுக்குத்தான் இது. ஏற்காட்டுக் காபியும் வால்பாறைக் காபியும் ஒன்றா வேறா என்று நாக்கால் கண்டுபிடிக்க, இதைவிட எளிய கருவி எனக்குத் தெரிந்து இல்லை. மின்சாரம் வேண்டாம், காகித வடிகட்டி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டாம், கைப்பழக்கமும் பெரிதாகத் தேவைப்படாது.

கருவி என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. உருளையான ஒரு கண்ணாடிக் குடுவை, அதைப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி வைத்த சட்டம், ஒரு மூடி, மூடியின் நடுவே மேலும் கீழும் போய்வரும் கம்பி, கம்பியின் நுனியில் வட்டச் சல்லடை. கொரகொரப்பான தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, நாலு நிமிடம் விட்டு, சல்லடையை மெல்லக் கீழே இறக்கினால் சக்கை அடியில் தங்கிவிடும், காபி மேலே நிற்கும்.

அழுத்துவதால்தான் சாறு இறங்குகிறது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் பலம் கொடுத்து அழுத்துகிறார்கள். அப்படியில்லை. காபி இறங்குவது அந்த நாலு நிமிட ஊறலில். அழுத்துவது வெறும் வடிகட்டல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எந்த அளவு வாங்குவது, எப்படி அரைப்பது, எப்படிக் கழுவுவது எல்லாமே தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

நம் ஃபில்டரில் நடப்பது வேறு. மேல் டப்பாவில் நைஸான தூள் ஒரு படுகையாக உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, புதிய வெந்நீர் தூளைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. தூள் அதிகம், தண்ணீர் குறைவு, நேரம் நிறைய. அதனால் டிகாஷன் கெட்டியாக வருகிறது. தூள் கொஞ்சம் நைஸாகப் போய்விட்டால் சொட்டு விழாது, கொஞ்சம் பெரிதாகிவிட்டால் சல்லென்று ஓடிவிடும். பிரெஞ்ச் பிரஸில் மொத்தத் தூளும் மொத்தத் தண்ணீரும் ஆரம்பத்திலிருந்து ஒன்றாகவே கிடக்கின்றன. முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் வேகமாகச் சத்து இறங்கும், தண்ணீரில் காபி ஏற ஏற இறக்கம் மந்தமாகும். அதனால் கதவில் கூரியர்க்காரர் நிற்கிறார் என்று போய்விட்டு ஆறாவது நிமிடத்தில் வந்தாலும் காபி கெட்டுப்போகாது. கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பொறுத்துப்போகிற கருவி, பழகுகிறவர்களுக்கு அதுதான் வசதி.

பேரில் பிரான்ஸ் இருந்தாலும் கதை இரண்டு நாட்டுக்குச் சொந்தம். 1852-ல் பாரிஸில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் இந்த மாதிரி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். 1929-ல் மிலான் நகரத்து அத்திலியோ கலிமானியும் ஜூலியோ மொனேத்தாவும் எடுத்த காப்புரிமைதான் இன்றைய வடிவத்துக்கு அருகில் இருப்பது. 1958-ல் ஃபலியெரோ பொண்டனினி என்ற இன்னொரு இத்தாலியர் அதைத் திருத்தினார். அவருடைய மாடல் தயாரானது பிரான்ஸில், கிளாரினெட் வாத்தியம் செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில். சரி, கடைக்குப் போவோம்.

எந்த அளவு, எந்தக் குடுவை

டப்பாவில் ‘8 கப்’ என்று போட்டிருப்பதை நம்பி, எட்டுப் பேருக்கு ஆகும் என்று வாங்கிவிடாதீர்கள். அவர்கள் கணக்கில் ஒரு கப் என்பது ஏறக்குறைய 120 மில்லி. 8 கப் என்றால் ஒரு லிட்டர், 3 கப் என்றால் 350 மில்லி. பெரிய மக்கில் கட்டங்காபி குடிக்கிறவருக்கு 350 மில்லியில் ஒரு ஆளுக்குத்தான் வரும். கணவன் மனைவி இருவருக்கு 600 மில்லி சரியாக இருக்கும். ஒரு லிட்டர் வாங்கி அதில் தினமும் ஒரு டம்ளர் போட்டுக் குடிக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். தண்ணீர் மட்டம் அடியில் கிடந்தால் சல்லடை அதுவரை ஒழுங்காக எட்டாது, அகலக் குடுவையில் காபியும் சீக்கிரம் ஆறிப்போகும். பாதிக்கு மேல் நிரப்பிப் பயன்படுத்துகிற அளவுதான் உங்கள் அளவு. ‘காபி குடிச்சுட்டுப் போங்க’ என்று வருகிறவரையெல்லாம் உட்காரவைக்கிற வீடு என்றால், விருந்தாளிக் கூட்டத்துக்குப் பழைய ஃபில்டரே ஆகும், அதற்காக 1.5 லிட்டர் பிரஸ் வாங்கி அலமாரியில் அடைக்க வேண்டாம்.

கண்ணாடியா ஸ்டீலா என்பது அடுத்தது. கண்ணாடியில் தூள் மேலே மிதப்பது, இறங்குவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது பெரிய பாடம். அழுக்கு ஒளிந்துகொள்ள முடியாது என்பது இன்னொரு லாபம். ஆனால் அந்தக் கண்ணாடி போரோசிலிகேட்தானா என்று டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போரோசிலிகேட் விரியும், அதனால்தான் கொதிநீரை ஊற்றியவுடன் விரிசல் விடுவதில்லை. அதற்காக அடுப்பில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை, கூடவே கூடாது. கிரானைட் மேடை, ஸ்டீல் சிங்க், அண்டா குண்டா எல்லாம் ஒன்றாகக் கிடக்கிற அடுப்படியில் கண்ணாடிக்கு ஆயுசு கம்மி என்பதும் உண்மை. குழந்தைகள் ஓடுகிற வீடு, அடிக்கடி வெளியூருக்கு எடுத்துப் போகிறவர் என்றால் 304 ரக (எளிதில் துருப்பிடிக்காத) ஸ்டீலில் இரட்டைச் சுவர் வைத்தது வாங்கலாம். சூடு நெடுநேரம் நிற்கும், விலை கூடும், உள்ளே நடப்பது தெரியாது. சூடு நிற்கிறதே என்று காபியைச் சக்கையோடு அப்படியே உள்ளே விட்டுவைத்தால் கசப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஒரு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவது மேல்.

சட்டம் பிளாஸ்டிக்காக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, வெந்நீர் படுகிற இடத்தில், அதாவது மூடியின் உள்பக்கம், பிளாஸ்டிக் இல்லாமல் இருந்தால் நல்லது. ரோஸ் கோல்டு முலாம், மரக் கைப்பிடி இதெல்லாம் படம் எடுக்க நன்றாக இருக்கும்.

சல்லடை

காசு கொடுப்பது உண்மையில் இதற்குத்தான். கம்பியின் அடியில் மூன்று தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகப்பட்டிருக்கும். மேலே உள்ளது சுற்றிலும் ஸ்பிரிங் சுருள் ஓடுகிற தட்டு, அது குடுவையின் சுவரை ஒட்டிப் பிடிக்கும். நடுவில் மெல்லிய கம்பி வலை, ஓரம் மேல்நோக்கி மடிந்திருக்கும். கீழே ஓட்டைகள் வைத்த ஒரு தட்டு, வலை தொய்யாமல் தாங்குவதற்கு. சில மலிவு மாடல்களில் ஸ்பிரிங் இருக்காது, வலையின் ஓரத்தை நம்பியே விட்டிருப்பார்கள். அதில் சில மாதங்களில் ஓரம் சுருண்டு தூள் பக்கவாட்டில் மேலேறும்.

கடையில் வாங்குகிறீர்கள் என்றால் டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. காலிக் குடுவைக்குள் சல்லடையை இறக்கி, பாதியில் நிறுத்தி, குடுவையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். சல்லடைக்கும் கண்ணாடிக்கும் நடுவே எங்காவது பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். அடுத்து, கம்பியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். மூடித் துளை லூசாக இருந்தால் கம்பி சாயும், கம்பி சாய்ந்தால் சல்லடையும் சாயும், ஒரு பக்கம் தூக்கிக்கொண்ட இடத்தில் சக்கை தப்பி வந்துவிடும். இறங்கும்போது ஒரே சீராக, லேசான பிடிப்போடு இறங்கணும். தடாலென்று விழுந்தாலும் தப்பு, முக்கி முக்கித் தள்ள வேண்டியிருந்தாலும் தப்பு. கடைசியாக, மூன்று தட்டையும் கையாலேயே கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். ரிவெட் அடித்து மூடியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம், காரணம் கழுவுகிற இடத்தில் தெரியும். இணையத்தில் வாங்குகிறவர்கள் வலை மட்டும் தனியாகவும் கண்ணாடி மட்டும் தனியாகவும் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று தேடிவிட்டு வாங்குங்கள். இந்தச் சோதனைகளில் தேறுகிற மாடல்கள் ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கின்றன.

தூள்தான் பாதிச் சண்டை

வழக்கமாக வாங்கும் ஃபில்டர் தூளையே போட்டுப் பார்த்துவிட்டு, ஒரே மண்டியாக இருக்கிறது, கருவி சரியில்லை என்று ஓரங்கட்டுகிறவர்கள் அதிகம். இரண்டு சிக்கல் இருக்கிறது அதில். ஒன்று, அது நைஸ். வலையின் கண்ணை அடைக்கும், அடைக்காதது வழியாகப் புகுந்து டம்ளருக்கே வந்துவிடும். இரண்டாவது, சிக்கரி. காபிக்கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடியது எடையில் முப்பது சதவீதத்தை ஒட்டித்தான், வறுத்த சிக்கரியில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கரையும். டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுப்பது அதுதான், பால் காபிக்கு அது பொருத்தம். ஊறல் காபியில் சிக்கரி முதலில் ஓடி வந்து கொட்டையின் ருசியை மூடிவிடுகிறது. நம் நாட்டு உணவுச் சட்டம் காபி-சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது, அதனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அரைத்துக் கொடுக்கிற காபிக் கடை நம் ஊர்களில் இன்னும் இருப்பது பாக்கியம். சிக்கரி இல்லாமல் கொரகொரப்பாக அரைக்கச் சொன்னால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். “ஏனுங்க, இப்படி அரைச்சா ஃபில்டர்ல தண்ணி நிக்காதுங்களே, அப்படியே எறங்கிப் போயிரும்” என்பார், அவர் சொல்வது சரிதான். “ஃபில்டருக்கு இல்லீங்ணா, ஊற வெச்சு வடிகட்டறதுக்குங்க” என்று சொல்லிவிட்டால் போதும். எவ்வளவு கொரகொரப்பு என்று கேட்டால் அரிசி உப்புமாவுக்கு உடைக்கிற ரவை என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். முன்னால் அரைத்தவரின் நைஸ் தூள் மெஷின் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும், முதலில் விழுகிற ஒரு பிடியைத் தனியாக வாங்கி அதை ஃபில்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிராம், இருநூறு கிராம் என்று கொஞ்சமாக வாங்குவதே நல்லது, அரைத்த தூள் வாசனையை வைத்துக்கொள்ளாது.

கொட்டையின் பேர்களும் கொஞ்சம் குழப்பும். காபிச் செடியில் அராபிகா, ரோபஸ்டா என்று இரண்டு முக்கிய இனம். பிளான்டேஷன் என்று பலகையில் இருந்தால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. பார்ச்மென்ட் என்றால் கழுவிய ரோபஸ்டா. செர்ரி என்றால் பழத்தோடு அப்படியே காயவைத்தது. பீபெரி என்பது ஒரு பழத்தில் இரண்டு பருப்புக்குப் பதிலாக உருண்டையாக ஒன்றே விளைந்தது, அது ஒரு ரகமல்ல. பிரெஞ்ச் பிரஸுக்கு முதலில் பிளான்டேஷன் ஏ (ஏ என்பது பெரிய கொட்டைக்கான தரம்) வாங்கிப் பாருங்கள், நடுத்தர வறுவலில். நம்மைச் சுற்றிக் காபி விளைகிற மலைகளுக்குப் பஞ்சமில்லை: ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை, கூடலூர், கோத்தகிரி. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்று சொல்வார்கள். இருநூறு வருஷமாகப் பக்கத்து மலையில் விளைவதை நாம் சிக்கரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தே குடித்துவந்திருக்கிறோம் என்பது என் தனிப்பட்ட புலம்பல்.

வீட்டில் அரைப்பதென்றால் கையால் சுற்றுகிற பர் கிரைண்டர், அதாவது பல் வைத்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே கொட்டையை ஒரே சீராக உடைக்கிற மெஷின், நல்லது. மிக்ஸி மட்டும்தான் இருக்கிறதா, சின்ன ஜாரில் விட்டு விட்டு, இரண்டிரண்டு வினாடியாக ஓட்டி, நடுவில் ஜாரைக் குலுக்கிவிடுங்கள். மிக்ஸி பாதியை ரவையாகவும் பாதியை மாவாகவும் ஆக்கும், அது அதன் குணம். மாவு சலிக்கும் சல்லடையில் ஒரு தட்டு தட்டிவிட்டு மேலே நிற்பதைப் போட்டால் மண்டி பெருமளவு குறையும்.

போடுவது

கணக்கு எளிது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் தூள். 500 மில்லிக்கு 30 கிராம். தராசு இல்லையென்றால் மேசைக்கரண்டியில் தலைதட்டி அளந்தால் ஒன்று சுமார் 5 கிராம் வரும், ஆறு கரண்டி. தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அதனால் 500 ஊற்றினால் 440 தான் கைக்கு வரும், எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். பால் விட்டுத்தான் குடிப்பேன் என்றால் தூளைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்குங்கள், இல்லாவிட்டால் பால் விட்டதும் கழுநீர்தான். பாலைத் தனியாகக் காய்ச்சி டம்ளரில் விடுங்கள், பிரஸுக்குள் விடாதீர்கள், வலையில் பாலாடை படிந்துவிடும்.

தண்ணீரின் சூடு 92-லிருந்து 96 டிகிரி வரை இருந்தால் போதும். கோயமுத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் கொதிப்பது 98, 99-ல். கெட்டிலை அணைத்து அரை நிமிடம் விட்டு ஊற்றினால் சரியாக இருக்கும். ஊட்டியில் கொதிநிலையே 92, 93 தான், அங்கே கொதிக்கக் கொதிக்க அப்படியே ஊற்றலாம். சூட்டைவிட முக்கியம் எந்தத் தண்ணீர் என்பது. சிறுவாணி வருகிற வீட்டில் கவலையே இல்லை, மென்மையான தண்ணீர். பல்லடம், காங்கேயம் பக்கம் போர்த் தண்ணீரில் காபி போட்டால் ருசி மழுங்கிப்போகும், வலையிலும் வெள்ளை வெள்ளையாகப் படியும். உப்புத் தண்ணிக்கும் நல்ல தண்ணிக்கும் தனித்தனிக் குடம் வைத்திருக்கும் ஊர்களில் இதை விளக்க வேண்டியதில்லை: நல்ல தண்ணியை எடுங்கள்.

முதலில் குடுவையை வெந்நீரால் அலசிக் கொட்டுங்கள், குடுவை சூடாகிவிடும். தூளைப் போட்டு, எல்லாத் தூளும் நனைகிற மாதிரி தண்ணீரைச் சுற்றி ஊற்றுங்கள். புதிதாக வறுத்ததாக இருந்தால் தூள் பொங்கி மேலே ஒரு தடித்த மூடாப்பாக நிற்கும், உள்ளே அடைபட்ட கரியமில வாயு வெளியேறுவதால் அப்படி. தூள் பழசாக இருந்தால் பொங்காது. மூடியை மேலே வையுங்கள், அழுத்த வேண்டாம். நாலு நிமிடம் கழித்து ஒரு மரக்கரண்டியால் அந்த மூடாப்பைக் கலைத்துவிட்டால் பெரும்பகுதி தூள் தானே கீழே இறங்கிவிடும். ஸ்டீல் கரண்டி வேண்டாம், கண்ணாடியில் தட்டும். மேலே மிதக்கிற நுரையையும் சிம்புகளையும் கரண்டியால் எடுத்து எறிந்துவிட்டு, பொறுமை இருந்தால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், மண்டி இன்னும் படியும். இப்போது சல்லடையை மெதுவாக இறக்குங்கள். அடிச் சக்கையைப் போய் நசுக்க வேண்டியதில்லை, அதற்குச் சற்று மேலே நிறுத்தினால் போதும், நசுக்கினால் அடங்கிய மண்டி கிளம்பும். இறங்க மறுத்தால் பலம் கொடுக்காதீர்கள்: வலை அடைத்திருக்கிறது என்று அர்த்தம், மேலும் தள்ளினால் கொதிக்கிற காபி மூக்கு வழியாகவும் ஓரம் வழியாகவும் பீய்ச்சியடிக்கும், கண்ணாடியும் உடையலாம். அரை அங்குலம் மேலே தூக்கி, மறுபடி மெல்ல விடுங்கள். ஒவ்வொரு தடவையும் இப்படியே ஆனால் தூள் நைஸாக இருக்கிறது.

டம்ளரின் அடியில் கடைசி வாய் மண்டியாகத்தான் இருக்கும். அதைக் குடிக்காதீர்கள், அவ்வளவுதான். சர்க்கரைக்குப் பதில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டால் பாலில்லாத காபிக்கு அருமையாகச் சேரும். டம்ளரில் போட்டுக் கலக்குங்கள். சித்திரை வெயிலில் இதே குடுவையில் பச்சைத் தண்ணீரும் தூளும் போட்டு ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் அழுத்தி வடித்தால் குளிர் காபியும் தயார். இடித்த சுக்கு மல்லியைப் போட்டு வெந்நீர் ஊற்றியும் வடிக்கலாம், நன்றாகவே வரும், ஆனால் மறுநாள் காபியில் சுக்கு வாசம் அடிக்கும், அதற்குத் துணிந்தவர்கள் செய்யலாம்.

இந்தக் காபியில் எண்ணெய்ப் பசை தெரியும், நாக்கில் ஒரு கனம் நிற்கும். காகித வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்கிற எண்ணெயை வலை விட்டுவிடுகிறது. அந்த எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை உயர்த்தக்கூடியது. தினமும் ஒரு டம்ளர் குடிப்பவர் பயப்பட ஒன்றுமில்லை. நாளுக்கு நாலைந்து டம்ளர் போகிறவர்கள், ஏற்கெனவே கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், காகிதத்தில் வடிக்கிற முறைக்கு மாறினாலும் சரி.

கழுவுவது

அந்த எண்ணெய்தான் பராமரிப்பு முழுவதற்கும் காரணம். மாதக்கணக்கில் குழாயடியில் காட்டிக் காட்டியே எடுத்து வைத்த ஒரு சல்லடையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள்: வெளியே பளபளவென்று இருக்கும், வலைக்கும் மேல்தட்டுக்கும் நடுவே கரும்பழுப்பில் ஒரு பசை அப்பியிருக்கும், ஸ்பிரிங் சுருளின் ஒவ்வொரு மடிப்பிலும் தூள் கட்டிதட்டி உட்கார்ந்திருக்கும். முகர்ந்தால் சிக்கு வாடை. நல்ல கொட்டை வாங்கி, நல்ல தண்ணியில் போட்டும் காபி ஒரு மாதிரி கரகரவென்று கசக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். ரிவெட் அடித்ததை வாங்க வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

தினமும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குடித்து முடித்ததும் சக்கையைச் சிங்கில் கொட்டாதீர்கள், ஒரு வாரம் இரண்டு வாரம் தாங்கும், அப்புறம் பிளம்பரைக் கூப்பிட வேண்டிவரும். கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி, பழைய டீ வடிகட்டியில் கொட்டினால் சக்கை முழுதும் அதில் நின்றுவிடும். கருவேப்பிலைச் செடிக்கோ தென்னை மரத்தடிக்கோ தூவிவிடலாம், ஒரே இடத்தில் அப்பி வைத்தால் ஓடு மாதிரி காய்ந்து தண்ணீரைத் தடுக்கும், மண்ணோடு கிளறிவிடுங்கள். குடுவையில் வெந்நீரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் விட்டு, சல்லடையை நாலு தடவை மேலும் கீழும் இழுத்து, நன்றாக அலசிக் கவிழ்த்து வைத்தால் தினசரி வேலை முடிந்தது. சோப்பு போடக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், நான் அதை ஏற்கவில்லை. சோப்பில்லாமல் எண்ணெய் போகாது, அலசுவதில்தான் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

வாரம் ஒருமுறை, தினமும் போடாதவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தட்டுகளைக் கழற்றுங்கள். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் எது மேலே எது கீழே என்று பிறகு யோசிக்க வேண்டாம். கம்பியைக் கையில் பிடித்து அடித்தட்டைத் திருகினால் மூன்றும் வந்துவிடும். வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடா போட்டு அரைமணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் வலையை இரண்டு பக்கமும், ஸ்பிரிங்கைச் சுருள் சுருளாகவும் தேய்த்தால் போதும். வலையை மடக்காதீர்கள், விரலால் குத்தாதீர்கள், ஒரு தடவை ஓரம் நசுங்கினால் அது நேராவது கஷ்டம். உப்புத் தண்ணியின் வெள்ளைப் படிவம் இருந்தால் சோடாவுக்கு அசையாது; அதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த வெந்நீர். இரண்டையும் ஒன்றாகக் கொட்டி நுரை வருவதை ரசிக்கிறவர்கள் உண்டு, ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும், தனித்தனியாகச் செய்யுங்கள். மாட்டும்போது ஸ்பிரிங் தட்டு மேலே, வலை நடுவில், மடிந்த ஓரம் மேல்நோக்கி. காய்ந்த பிறகு மாட்டுங்கள், மூடியை இறுக்கி அடைத்து வைக்காதீர்கள்.

கண்ணாடியை ஸ்டீல் நாரால் தேய்க்கக் கூடாது, சாம்பலும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் வேண்டாம், ஸ்பாஞ்சே போதும். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று விழுந்துவிட்டால் கொதிநீர் ஊற்றுகிற ஒரு நாளில் அந்த இடத்திலிருந்துதான் விரிசல் ஓடும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா கழுவுகிறார் என்றால் இதை முதல்நாளே சொல்லிவிடுங்கள், அல்லது அந்த ஒன்றை மட்டும் நீங்களே கழுவிக்கொள்ளுங்கள். சூடான குடுவையைக் குழாயடியில் காட்டுவதும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெந்நீர் ஊற்றுவதும் போரோசிலிகேட்டாக இருந்தாலும் வேண்டாம்.

வலை தேய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, வாங்கும்போது செய்த வெளிச்சச் சோதனையையே செய்யலாம். ஓரத்தில் கம்பி இழைகள் பிரிந்து துருத்திக்கொண்டிருந்தால் உடனே மாற்றுங்கள், இழை ஒடிந்து காபியில் விழுந்தால் வம்பு. மாற்று வலை வாங்க 350, 600, 1000 மில்லி என்ற கொள்ளளவை மட்டும் பார்த்தால் பல நேரம் பொருந்தாது. குடுவையின் உட்புற விட்டத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து, நடுத்துளை உங்கள் கம்பிக்குச் சேருமா என்றும் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி உடைந்தால் இதே விட்டத்தோடு உயரத்தையும் அளக்கணும், ஒரு சென்டிமீட்டர் உயரம் கூடினால்கூட மூடி சட்டத்தில் உட்காராது. வாய் ஓரத்தில் சின்னதாகச் சில்லு பெயர்ந்த குடுவையில் ஊறுகாய் போடலாம், காபி வேண்டாம்.